பழைய கட்டணத்தில் ஒரு பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் ஆபீசில் கட்டணம் வாங்கும் ஜன்னல் என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கம்பி வலைக்குக் கீழே ஒரு கை மணிக்கட்டு வரை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். விண்ணப்பமும் பணமும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். பணத்துக்கு ஈடான கட்டண வில்லைகளைக் கிழித்து, ஈரப் பஞ்சில் நனைத்து, விண்ணப்பத்தின் தலையில் ஒட்டி, அதன் மேல் தேதி முத்திரையை ஓங்கிக் குத்துவேன். குத்தினால் முடிந்தது. அந்தப் பணம் அரசாங்கத்தினுடையது. சாமியே வந்து கேட்டாலும் திரும்பாது.

எந்த அரசாங்கத்தினுடையது என்ற கேள்வி அதுவரை யாருக்கும் வந்ததில்லை. கடல் தாண்டி இருந்து எங்களை ஆண்டவர்கள் மூட்டை கட்டும் தேதியை அறிவித்த பிறகுதான் வந்தது.

நம்முடைய சொந்த அரசு வந்ததும் பாஸ்போர்ட் கட்டணம் எட்டிலிருந்து முப்பத்திரண்டாகும் என்று பேப்பரில் போட்டார்கள். அவ்வளவுதான், பிறந்ததிலிருந்து தெருமுனையைத் தாண்டாதவன்கூட வரிசையில் வந்து நின்றான். ஒருவரிடம், "எந்த ஊருக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டேன். "போறதுக்கில்லீங்க. மலிவா கெடைக்குதே, வாங்கி வச்சுக்கலாம்னுதான்" என்றார்.

உள்ளே வேலை பார்த்த எங்களுக்கு வெளியாருக்குத் தெரியாத ஒன்றும் தெரியும். ஆட்சி கைமாறும் ஒப்பந்தத்தில் ஏழாவது இணைப்பு என்று ஒன்று இருந்தது. எந்த வருமானம் யாருக்கு என்ற பங்கீடு அது. மாறும் நாள் காலை பத்து மணிக்கு முன்னால் ஒட்டிய வில்லையின் பணம் போகிறவர்களுக்கு; பத்துக்குப் பின்னால் ஒட்டியது வருகிறவர்களுக்கு. பச்சைக் குழந்தைக்கும் புரியும் என்று நினைத்தேன். பணம் வாங்கியவன் ஒருவன், புத்தகம் கொடுக்க வேண்டியவன் வேறொருவன் என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதியதை மட்டும் படித்தே பழகிவிட்டவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை வீட்டுக்கு வந்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, கடலுக்கு அந்தப் பக்கம் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலையில் இருந்தார். துருவையும் தூளையும் ஆறு வருஷம் மூச்சில் இழுத்ததில் நெஞ்சு கெட்டுவிட்டது. கூடத் தங்கியிருந்தவர் எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் ஒன்றும் பிடி கொடுத்துப் பேசவில்லை, சீக்கிரம் வந்தால் நல்லது என்றிருந்தது.

"அவசரக் கட்டணம் இருபத்தஞ்சாமே? அது கட்டினா நாலு நாள்ல புத்தகம் கைக்கு வந்துடுமாம். பணம் கொண்டாந்திருக்கேண்ணா" என்று கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

அண்ணன்காரன் பாஸ்போர்ட் ஆபீசில் இருக்க, என் தங்கை இருபத்தைந்து கொடுத்து ஏமாறுவதா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"பைத்தியமா உனக்கு? அது அவங்க புத்தகம். அடுத்த மாசம் பழைய பேப்பர்காரன்கூட அதை எடைக்கு எடுக்க மாட்டான். சாதாரணக் கட்டணம் எட்டைக் கட்டு. பதினஞ்சே நாள்ல நம்ம நாட்டுப் புத்தகமே வந்துடும். புதுப் புத்தகம், பழைய விலை. இந்த யோசனை வெளியாளுக்கு வருமா சொல்லு."

"பதினஞ்சு நாள் தாங்குமாண்ணா?"

"ஆஸ்பத்திரியில சேத்தாச்சுல்ல, டாக்டர் பாத்துக்குவார்."

என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அவ கேக்கறதையே செஞ்சு குடுத்துடுங்களேன். மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையா கட்டப் போறீங்க?"

"ஆபீஸ் விவகாரம் உனக்குத் தெரியாது" என்று அவள் வாயை அடைத்தேன். தெரியாதவள் சொன்னதுதான் சரி. அதை அவள் பிற்பாடு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் தங்கை வரிசையில் நின்றுதான் வந்தாள். சொந்தக்காரர் ஒருவரையும் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே விட்டதில்லை என்பது என் பெருமை. என் வீட்டு மனிதர்கள் யார் யார் என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. ஓட்டை வழியாக அந்த ஊசிக் குத்துக் கை வந்தது. எட்டை வாங்கினேன், வில்லையை ஒட்டினேன், ஓங்கிக் குத்தினேன். மிச்சம் பிடித்துக் கொடுத்த பதினேழை நினைத்து அன்று முழுக்க எனக்கு உள்ளூரச் சிரிப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் தங்கை காசில் தங்கைக்கே வைத்தேன்.

குறித்த நாள் காலை பத்துக்கு மணி அடித்தது. வாசல் பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகையை மாட்டினார்கள். பழைய வில்லைத் தாள்களை எண்ணிக் கட்டி அரக்கு வைத்தோம். புது வில்லைகள் வந்தன. படம் மாறியிருந்தது; பசையின் நாற்றம் மாறவில்லை. முதல் வில்லையை நான்தான் ஒட்டினேன். அப்போது அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம் ஆட்சி, நம் முத்திரை என்று நெஞ்சு விம்மியது உண்மை.

புது அதிகாரி வந்தார். யார் எதை எழுதிக் கொண்டுபோனாலும் ஒரு கமாவை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் அவருக்குக் கமா என்று பெயர் வைத்தோம். போனவர்களோ தங்கள் பங்கைக் காவல் காக்க ஒரு கணக்கரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாயைத் திறந்தால் பாக்கி, பாக்கி என்பார். அவர் பெயர் பாக்கி. நம் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர், பேசினால் அரசாங்கக் கடிதத்தை வாசிப்பது போலவே இருக்கும். இருவருக்கும் எதிரெதிர் அறை. டீகூட இரண்டு அறைக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். முன்னே பின்னே போனால் அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில்.

முதல் வாரத்திலேயே வெடித்தது. கட்டணம் கட்டியும் புத்தகம் அடிக்கப்படாமல் இருந்தவை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்.

"எட்டை வாங்கிக்கிட்டது அவங்க. புத்தகம் அடிக்கிற செலவு நம்ம தலையிலயா? ஒண்ணுக்கு ஆறு வீதம் திருப்பிக் குடுத்தாத்தான் தொடுவோம்" என்றார் கமா.

"அந்த எட்டு, விண்ணப்பத்தைப் பெற்று விசாரித்தமைக்கான கட்டணம். புத்தகத்திற்கென ஒரு காசும் பெறப்படவில்லை. ஆகவே பாக்கி ஏதுமில்லை" என்றார் பாக்கி. வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் அவர் பாக்கி இல்லை என்று சொல்லிக் கேட்டேன்.

முடிவு தெரியும் வரை யாரும் தொடக் கூடாது என்று எல்லா விண்ணப்பங்களையும் இரும்புப் பீரோவில் வைக்கச் சொன்னார்கள். கட்டுகளைச் சுமந்து போனது நான். என் தங்கையின் விண்ணப்பம் என் கையில் இருந்தது. இன்னும் பட்டியல் எழுதவில்லை. உருவி மேஜை டிராயரில் போட்டிருந்தால் ஒரு நாய்க்கும் தெரிந்திருக்காது. மறுநாளே முப்பத்திரண்டைக் கட்டிப் புதிதாகப் போட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷ ஒழுக்கம் கையைப் பிடித்தது. ஒழுக்கம் என்று அன்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உண்மையில் பயம்.

பீரோவுக்கு இரண்டு பூட்டு, சாவி ஆளுக்கு ஒன்று. பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் இருவர் கையெழுத்து. எழுநூற்று எட்டாவது பெயர் தங்கையுடையது.

ஒருவர் பேரில் ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் இன்னொன்று வாங்கக் கூடாது என்பது பழைய விதி. புது அரசும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, கட்டாதவனுக்கு வழி இருந்தது, கட்டியவளுக்கு இல்லை. தேதிக்குப் பிறகு சாவகாசமாக வந்தவன் முப்பத்திரண்டைக் கட்டிவிட்டு மூன்றாவது வாரம் புத்தகத்தோடு கப்பலேறினான். அவனுக்கும் நானே வில்லை ஒட்டினேன். எடைக்குக்கூடப் போகாது என்று நான் சொன்ன பழைய புத்தகம் இரண்டு வருஷம் செல்லும் என்று கெஜட்டில் போட்டார்கள்.

தங்கை வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும், "எழுநூத்து எட்டு என்ன ஆச்சுங்க?" என்பாள். "இன்னும் முடிவு வரலம்மா" என்பேன். என்னைத் தோளில் அடித்து விளையாடியவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். பின்னால் நிற்பவர் கை ஓட்டைக்குள் வரும்.

ஒருநாள் கமாவிடம் போனேன். என் தங்கை என்று அப்போதும் சொல்லவில்லை. "ஒரு அம்மா சார். வரிசையில வந்து நின்னுட்டே இருக்காங்க. புருஷன் சாகக் கிடக்கிறாராம்" என்றேன்.

"ஒண்ணை விட்டா மத்த ஆயிரமும் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதுவுமில்லாம, ஒரு புத்தகம் நாம குடுத்துட்டாலே பாக்கி சொல்றதை ஒத்துக்கிட்ட மாதிரி. ஒரு அம்மாவுக்காக நாட்டோட உரிமையை விட்டுக்குடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க இருவரும் ஒத்துக்கொண்டது இரண்டே வழிதான். விண்ணப்பித்தவர் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால், எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டாம், போனவர்களுடையதே வேண்டும் என்று விருப்பப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் பாக்கி மூன்று நாளில் அவர்கள் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் இங்கே வர வேண்டுமானால் எவனோ வெளிநாட்டுக்காரன் மாதிரி அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும்.

ஏழாவது வாரம் தங்கை வீட்டுக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டோம், உட்காரவில்லை.

"எழுதிக் குடுக்கப் போறேண்ணா."

"நாடே வேணாம்னா? எத்தனை பேர் ஜெயிலுக்குப் போய் வாங்கினதுடி இது?"

"நாடு என்னை எப்பண்ணா வேணும்னு சொல்லுச்சு? எழுநூத்து எட்டுன்னுதானே சொல்லுச்சு."

"இன்னும் ஒரு பத்து நாள் பொறு."

"நீ பதினஞ்சுன்னு சொன்னே. நாப்பத்தொம்போது ஆச்சு. உங்க ஆபீஸ்ல ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பாரா?"

கத்தினேன். துரோகம் என்றேன், ஊர் சிரிக்கும் என்றேன். கடைசியில், "இது ஆபீஸ்ல தெரிஞ்சா என் பென்ஷன் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் சுவரில் ஏறிய ஈரத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

பீரோவின் இரண்டு பூட்டும் முதல் முறையாகத் திறந்தது அவளுக்காகத்தான். விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தது நான். பட்டியலில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'விருப்பத்தின் பேரில் நீக்கம்' என்று எழுதியதும் நான். விருப்பமாம்! துறைமுகத்துக்கு என் மனைவிதான் போய் வழியனுப்பினாள். நான் ஜன்னலில் இருந்தேன்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை உயிரோடுதான் இருந்தார். பேச்சு போயிருந்தது, ஆளை மட்டும் அடையாளம் தெரிந்தது. பத்தொன்பது நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள், பிறகு போய்விட்டார். 'ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பேசியிருப்பார் என்று நர்ஸ் சொன்னார்கள்' என்று எழுதியிருந்தாள். என்னைத் திட்டி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கடிதம் வந்த வாரமே ஆபீசில் சுற்றறிக்கையும் வந்தது. போனவர்களின் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த நெருங்கிய உறவினர் உள்ள ஊழியர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய பணியும் முந்தைய ஆட்சிக் காலத்துக்கான பென்ஷனும் மறுபரிசீலனை செய்யப்படும். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. மூத்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம். 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காய்ந்ததும் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினேன்.

தங்கைக்கு நான் பதிலே எழுதவில்லை. வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. என் மனைவி மட்டும் தன் அம்மா வீட்டு முகவரியைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்துக் கட்டணச் சண்டை தீர்ந்தது. ஆறும் இல்லை, ஒன்றுமில்லாமலும் இல்லை. எட்டில் ஆளுக்கு நாலு. கமாவும் பாக்கியும் கைகுலுக்கும் படம் பேப்பரில் வந்தது. மூன்று வாரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு புத்தகங்களையும் அடித்து முடித்தோம். பாதிக்கு மேல் வாங்க ஆளே வரவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டு வைத்தவர்கள், மறந்தே போயிருந்தார்கள்.

அடுத்த மாதம் தபாலில் வந்த விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது தெரிந்த கையெழுத்து ஒன்று வந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இங்கே வந்து குடியிருக்க அனுமதி கேட்கும் படிவம். கட்டணம் நாற்பதுக்கு டிராஃப்ட் இணைத்திருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளையின் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்; காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள். 'இந்நாட்டில் ஆதரவளிக்கக்கூடிய உறவினர்' என்ற கட்டத்தில் அண்ணன் என்று போட்டு, என் பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் பாஸ்போர்ட் ஆபீஸ், கட்டண ஜன்னல் என்று எழுதியிருந்தாள். கட்டத்துக்கு வெளியே, இடமில்லாத இடத்தில், 'அவர் வீட்டில் இருந்துகொள்வேன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

தபால் பதிவேட்டில் ஏறிவிட்ட காகிதம். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. வில்லையை ஒட்டிக் குத்தி உள்ளே அனுப்பினேன். கமா அரை மணியில் கூப்பிட்டார்.

"இதுல உங்க பேர் இருக்கே?"

"பாத்தேன் சார்."

"தங்கச்சியா?"

ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். 'எவருமில்லை' என்று போட்ட பொய்க் கையெழுத்துக்கு வேலை போகும். பென்ஷன் போகும். அவள் வருவாள்.

"இல்ல சார். ஜன்னல்ல உக்காந்திருக்கிறவன் பேர் ஊருக்கே தெரியும். உள்ள இருக்கிறவன் பேரைப் போட்டா சீக்கிரம் கெடைக்கும்னு யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"நீங்க ஒருநாள் வந்து சொன்னீங்களே, வரிசையில நின்னுக்கிட்டே இருந்த அம்மா, அவங்களா?"

"இருக்கலாம் சார். முகம் ஞாபகமில்ல."

"பாவம்" என்றார். நிஜமாகவே பாவப்பட்டார். "ஆனா பொய்த் தகவலாச்சே. விட முடியாது. மறுப்புக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டாங்க."

எழுதினேன். 'தாங்கள் சகோதரர் எனக் குறிப்பிட்டுள்ள நபர் தங்களை அறியார் எனத் தெரிவித்துள்ளார். எனவே தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' பொய்த் தகவல் தந்தவர்கள் ஐந்து வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. அதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன். சேர்க்காமல் விட்டிருந்தால் கமா கண்டுபிடித்திருப்பார்.

மாலை ஐந்து மணிக்கு அன்றைய வசூலை எழுதினேன். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. நாற்பது. அதில் பங்கு கேட்க யாரும் இல்லை, முழுக்க நம் நாட்டுக்கே.